அத்தான் சைஸ்

அக்காவிடமிருந்து போன் வந்தால் நான் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன். விடிவதற்கு முன்னால் வந்தால் கெட்ட செய்தி. பத்து மணிக்கு மேல் வந்தால் யாரைப் பற்றியாவது புகார். இரண்டு மாதம் முன்னால் ஒரு புதன்கிழமை, காலை ஏழே காலுக்கு வந்தது. இது எந்த வகை?

“ஏட்டி, உன் வீட்டுல பிரின்டர் இருக்குல்ல?”

“இருக்குக்கா. என்ன வேணும்?”

“அதுல எம்புட்டுச் சின்னதா அடிக்கலாம்?”

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என் பிரின்டரிடம் கேட்டதில்லை. ரயில் டிக்கெட், கரன்ட் பில், ஆதார் நகல், நீங்கள் வாரா வாரம் படிக்கிற இந்தப் பத்தியின் வரைவு – எல்லாம் ஏ4. கடையில் ஏ4 கட்டு கேட்பேன், கொடுப்பார்கள், தட்டில் வைப்பேன், அடிக்கும். பேப்பருக்கு வேறு அளவு இருக்கலாம் என்ற நினைப்பே வந்ததில்லை.

“எதுக்குக்கா சின்னதா?”

“உங்க அத்தான் சட்டப் பைக்குள்ள போற மாதிரி வேணும்” என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் குருசாமி. போலீஸில் டிராஃபிக் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா செண்பகமும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் இருக்கிறார்கள். நான் ராஜபாளையம். பஸ்ஸில் அரை மணி நேரம். அத்தானின் குரலுக்கு அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை என்று எங்கள் வீட்டில் கிண்டல் செய்வோம். தேரோட்டக் கூட்டத்தில் மைக் கெட்டுப்போனால் அவரைத்தான் நிறுத்துவார்களாம்.

நாலு மாதம் முன்னால், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை பாதிதான். பேச்சு வரவே இல்லை.

நாம் சொல்வது அவருக்குப் புரியும். தனக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். வார்த்தை மட்டும் வாய்க்கு வராது. உள்ளே தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வார்த்தையைக் கொண்டுவருவார்.

“சரி.”

தண்ணீர் வேண்டுமா? சரி. வேண்டாமா? சரி. வலிக்கிறதா? சரி. இவர் யார் தெரிகிறதா? சரி.

கல்யாணமான நாளில் இருந்து அக்கா சொன்ன எதற்கும் அவர் ‘சரி’ என்று சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை. முதல் வாரம் அக்காவே அதைச் சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது வாரத்தில் இருந்து சிரிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள்தான் விஷயம் முற்றிப்போனது. அத்தான் ஜன்னலைக் காட்டி, “சரி... சரி...” என்றிருக்கிறார். அக்கா ஜன்னலைச் சாத்தினாள். தலையை ஆட்டினார். திறந்தாள். அதற்கும் தலையை ஆட்டினார். ஃபேன் போட்டாள், போர்வை கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ டம்ளரை இடது கையால் வாங்கி, சுவரில் எறிந்துவிட்டார்.

“எறிஞ்சிட்டு என்னப் பாத்து அழுதாவ, ஏட்டி. அவிய அழுது நான் பாத்ததே இல்ல. பொறவு செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவியதான். பேச்சுப் பயிற்சிக்கும் வரல. சாப்பாடு அரைகொற. மூஞ்சியத் திருப்பவே மாட்டேங்காவ.”

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் ஹேமா. முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் அக்கா அவளை டாக்டரை விடவும் நம்புகிறாள். ஹேமா போனில் சொன்னது இதுதான் – முதல் சில மாதங்களில் முயற்சியை விட்டுவிடக் கூடாது. இவர் விட ஆரம்பித்துவிட்டார். பேச்சு வரும்வரை காத்திருக்காமல், வேறு எந்த வழியிலாவது அவர் மனதில் இருப்பது வெளியே வர வேண்டும். படம் போட்ட கார்டுகள் கொடுத்துப் பார்க்கலாம்.

ஏற்கனவே ஒரு சார்ட் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஏ4 அட்டை. பசி என்ற கட்டத்தில் பர்கர் இருந்தது. குளியல் என்ற கட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஷவருக்கு அடியில் சிரித்துக்கொண்டு நின்றார். அத்தான் அதை ஒருமுறை பார்த்தார். தலையணைக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர், அவ்வளவு பெரிய அட்டையை எப்படித் தூக்கிக்கொண்டு அலைவார்? கம்பை ஊன்றுவாரா, அட்டையைப் பிடிப்பாரா?

“அவர் வீட்டுப் படமா இருக்கணும். அவர் பையில இருக்கணும். ஒரு கையால எடுக்கிற மாதிரி இருக்கணும்” என்று ஹேமா சொல்லியிருக்கிறாள்.

“அரை மணி நேர வேலைக்கா” என்றேன் நான்.

பதினோரு நாள் ஆனது.

முதலில் அளவு எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அத்தான் கட்டிலில், சுவரைப் பார்த்து. கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொடியில் தொங்கிய அவருடைய சட்டையை எடுத்தேன். ரிட்டயர் ஆன பிறகும் அவர் இரண்டு பாக்கெட் வைத்த சட்டைதான் தைத்துக்கொள்வார். இரண்டிலும் மூடி, மூடியில் பட்டன். போலீஸ் பழக்கம். இப்போது அது பெரிய உதவியாகிவிட்டது. எப்படி? நம் சட்டையில் பாக்கெட் இடது பக்கம் இருக்கும். இடது கையால் இடது பாக்கெட்டில் இருந்து ஒரு கார்டை எடுத்துப் பாருங்கள்... கை முறுக்கிக்கொள்ளும். அத்தானுக்கு வலது பக்கமும் பாக்கெட் இருந்தது. அக்கா உடனே கத்தரியை எடுத்து, எல்லாச் சட்டையிலும் வலது பாக்கெட்டின் மூடியை வெட்டினாள்.

பாக்கெட்டின் உள் அகலம் பத்து சென்டிமீட்டர். கார்டு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், நீளம் மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், பிடித்து இழுக்க. கடைசியில் முடிவு செய்தது, அகலம் ஒன்பது, நீளம் பதினான்கரை.

அடுத்தது, எதை அச்சடிப்பது? அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். தண்ணீர், காபி, சாப்பாடு, மாத்திரை, பாத்ரூம், வலி. சரியான பட்டியல்தான். ஆனால் கிளம்பும்போது ஹேமாவிடம் பேசியதில், அவள் ஒன்று சொல்லியிருந்தாள்: “நீங்க அவர்கிட்ட கேக்கணும்னு நினைக்கிறது வேற மேடம். அவர் உங்ககிட்ட சொல்லணும்னு நினைக்கிறது வேற. ரெண்டாவதக் கண்டுபிடிங்க.”

அத்தானின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அத்தான், உங்களுக்கு கார்டு அடிக்கப்போறேன். என்ன கார்டுன்னு நீங்கதான் சொல்லணும். வேணும்னா பெருவிரல மேல காட்டுங்க. வேண்டாம்னா கீழ.”

அக்காவின் பட்டியலைப் படித்தேன். தண்ணீர்? சுவரைப் பார்த்தபடியே விரலை மேலே காட்டினார். காபி? மேலே. மாத்திரை? கீழே. அதெல்லாம் அக்கா நேரத்துக்குத் தந்துவிடுகிறாள், அவர் கேட்க வேண்டியதில்லை. பட்டியல் முடிந்தது.

“வேற என்ன அத்தான்?”

அப்போதுதான் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். வாசல்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. “அக்கா, காபி போடேன்” என்று அவளை அடுப்படிக்கு அனுப்பினேன். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன்.

“‘போதும்’னு ஒரு கார்டு வேணுமா?”

கேள்வியை முடிப்பதற்குள் விரல் மேலே போய்விட்டது.

“‘என்னைச் செத்த நேரம் தனியா விடு’?”

விரல் மேலே. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தப் பக்கம்தான் இப்போது சிரிக்கும்.

“‘கோபமா இருக்கேன்’?”

விரலை மேலே காட்டி, இரண்டு முறை ஆட்டினார்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. நான் செல்போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் போட்டோ எடுத்தேன். எடுத்ததை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவருடைய டம்ளர், மேல். டி.வி., கீழ். சவரக் கத்தி, மேல். அக்கா எண்ணெய் தேய்க்கிற பாட்டில், வேகமாகக் கீழ். வாசலில் கிடந்த அவருடைய செருப்பு... அந்தப் படத்தில் விரல் மேலே போகவில்லை. போனையே கையில் வாங்கிக்கொண்டார். செருப்பைத் தொட்டார். ஜன்னலைக் காட்டினார்.

“சரி” என்றார்.

ஜன்னலைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அவருக்கு வெளியே போக வேண்டும். அக்கா எத்தனை டீ போட்டாலும் அது டீயில் இல்லை.

காபியோடு வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள். “ரெண்டு மாசமா அதையா கேட்டுட்டு இருந்திய?” என்றாள். அத்தான் அவளைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினெட்டுக் கார்டு முடிவானது.

ராஜபாளையம் திரும்பினேன். சாதாரணத் தாள் துவண்டுவிடும், அட்டை வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு பிரஸ்ஸுக்குப் போனேன். அளவு தப்பிவிடக் கூடாது என்று அத்தானின் சட்டையையும் கையோடு எடுத்துப்போயிருந்தேன். பிரஸ் அண்ணாச்சி போனில் வீட்டம்மாவோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, என் கையைப் பார்த்தார்.

“சட்ட தைக்கணும்னா எதுத்த கடைம்மா.”

விஷயத்தைச் சொன்னேன். போனை மேஜையில் வைத்துவிட்டார். சட்டையை வாங்கி, பாக்கெட்டுக்குள் ஸ்கேலை விட்டு அவரே அளந்தார். அட்டைகளை விரலால் மடக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “இதுக்கு மேல தடிப்பா எடுத்தா உங்க வீட்டு மெஷின் இழுக்காது. இதுக்குக் கீழ போனா வேர்வையில ஊறிரும்.” கட்டிங் மெஷினில் ஒரே இறக்கு. அறுபது அட்டை, ஓரம் பிசிறில்லாமல். அப்போது எனக்கு வேலை முடிந்துவிட்டது போலவே இருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் அட்டையைப் பிரின்டரின் பின்பக்கத் தட்டில் வைத்தேன். டம்ளர் படத்துக்குப் பிரின்ட் கொடுத்தேன். அட்டை வந்தது. அதில் பாதி டம்ளர் இருந்தது.

மீதி டம்ளர் எங்கே? அடுத்த அட்டை வெளியே வந்தபோது தெரிந்தது – அதன் முதுகு முழுக்க மை. மெஷின் தன்னிடம் ஏ4 தாள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, அட்டை முடிந்த பிறகும் வெறும் உருளை மேல் அடித்துக்கொண்டே போயிருக்கிறது. பாவம், அதற்குக் கண் இல்லை. நாம் சொன்னால்தான் தெரியும்.

சரி, சொல்லுவோம் என்று கம்ப்யூட்டரில் பேப்பர் சைஸ் பட்டியலைத் திறந்தேன். ஏ4, ஏ5, லெட்டர், லீகல், விதவிதமான கவர், ஃபோட்டோ சைஸ். என் அளவு இல்லை. ஃபோட்டோ சைஸ் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. அதிலேயே அடித்துவிடலாமே என்று ஒரு ஃபோட்டோ பேப்பரை எடுத்து அத்தானின் சட்டைப் பைக்குள் விட்டுப் பார்த்தேன். இரண்டே இரண்டு மில்லிமீட்டர் இடித்தது. ஒரு கைக்காரருக்கு இரண்டு மில்லிமீட்டர் என்பது பூட்டின கதவு மாதிரி.

பட்டியலின் அடி வரைக்கும் அன்றைக்குத்தான் போனேன். கடைசியில் ‘கஸ்டம்’ என்று ஒன்று இருந்தது. நமக்கு வேண்டிய அளவை நாமே சொல்லிக்கொள்ளலாம். இத்தனை வருடம் இந்த வசதியோடுதான் நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

தொட்டதும் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அகலம்? 9. நீளம்? 14.5. ஓகே.

ஏற்க மாட்டேன் என்றது. இந்த அளவு எனக்குத் தாங்காது என்று சிவப்பில் ஒரு வரி. மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு. நான் ஒன்பது சென்டிமீட்டர் கேட்கிறேன், இது என்ன இப்படிப் பெரிதுபடுத்துகிறது என்று கோபப்பட்டபோதுதான் மூலையில் பொடி எழுத்தில் ‘இன்ச்’ என்று இருந்ததைப் பார்த்தேன். ஒன்பது அங்குல அகலத்தில் கார்டு அடித்தால் அத்தானுக்குப் பாக்கெட் போதாது, பள்ளிக்கூடப் பை வேண்டும்.

மில்லிமீட்டருக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு, எண்ணை மாற்றவில்லை. ஒன்பது மில்லிமீட்டர். சுண்டு விரல் நகம் அளவு. அதற்கும் சிவப்பு வந்தது, நியாயமாக. இந்த முறை முழுதாகப் படித்தேன். என் பிரின்டர் ஏற்றுக்கொள்ளும் மிகக் குறைந்த அகலம் 89 மில்லிமீட்டர். எங்களுக்கு வேண்டியது 90. ஒரே ஒரு மில்லிமீட்டரில் தப்பித்தோம்.

90, 145. ஏற்றுக்கொண்டது. ஆனால் இன்னும் மூட மாட்டேன் என்றது. மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது. இந்த அளவுக்கு ஒரு பெயர் வை என்றது.

என்ன பெயர் வைப்பது? யோசிக்காமல் அடித்தேன் – அத்தான்.

பட்டியலை மறுபடி திறந்து பார்த்தேன். ஏ4. ஏ5. லெட்டர். லீகல். அத்தான்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் அந்தப் பட்டியலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்ததா? இல்லை. இப்போது அட்டை முழுதாக வந்தது, ஆனால் அதில் டம்ளர் ஒரு கடுகு அளவுக்கு இருந்தது. நான் படத்தை ஒட்டி வைத்திருந்த ஃபைல் இன்னும் ஏ4 பக்கத்தில்தான் இருந்தது. அந்த முழுப் பக்கத்தையும் சுருக்கி அட்டைக்குள் அடக்கிவிட்டது மெஷின். ஃபைலிலும் போய் அத்தான் அளவை வைத்தேன். படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது. நிமிர்த்தினேன். இப்போது பிரின்டரின் குட்டித் திரை கண் சிமிட்டியது – நீ சொல்லும் அளவும் என்னிடம் இருக்கும் அளவும் பொருந்தவில்லையாம். அந்தத் திரையிலும் ஒருமுறை அளவை மாற்ற வேண்டியிருந்தது.

ஆக, ஒரே அளவை மூன்று இடத்தில் சொல்ல வேண்டும். ஃபைலிடம், கம்ப்யூட்டரிடம், பிரின்டரிடம். மூன்றில் யாராவது ஒருவர் ஏ4 என்று நினைத்துக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் கெட்டது. குடும்பத்தில் ஒரு கல்யாணத் தேதியைச் சொன்ன அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பதினெட்டும் அடித்து முடித்தேன். ஒரே கையால் புரட்ட வசதியாக, மேலே ஓட்டை போட்டு வளையத்தில் கோக்க வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. பஞ்சிங் மெஷினால் போட்டேன். அக்காவின் போட்டோ கார்டில் ஓட்டை நேராக அவள் நெற்றியில் விழுந்தது. மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு, பதினெட்டையும் இரண்டாவது முறை அடித்தேன். மெஜென்டா மை தீர்ந்து, வாங்கி வந்து, மறுபடி அடித்தேன்.

பதினோராம் நாள் கார்டுக் கொத்தோடு போனேன். அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். கடைசி வரை பார்த்துவிட்டு, எதுவும் காட்டாமல் வலது பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சரியாகப் போய் உட்கார்ந்தது. வெளியே ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான். நான் இருந்த இரண்டு மணி நேரமும் அதைத் தொடவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது வன்னியம்பட்டி வரைக்கும் என் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷன் மனசு விட்டபிறகு அட்டையால் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்துவிட்டேன், அது போதவில்லை – இப்படியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா போன். அழுகிறாள்.

“என்னக்கா? அத்தானுக்கு என்ன?”

“சண்ட போட்டாவ, ஏட்டி.”

“யாரு?”

“உங்க அத்தான். என்கூட. நல்லா சண்ட போட்டாவ.”

நடந்தது இது. அக்கா கேப்பைக் கூழ் கொடுத்திருக்கிறாள். பாதியில் அத்தான் பாக்கெட்டில் இருந்து கொத்தை எடுத்து, ‘போதும்’ கார்டைக் காட்டியிருக்கிறார். அக்கா, “இன்னும் ரெண்டு வாய்” என்று ஸ்பூனை நீட்டியிருக்கிறாள். மறுபடி ‘போதும்’. “அம்புட்டுத்தான், முடிஞ்சிட்டு” என்று மறுபடி நீட்டியிருக்கிறாள். ‘என்னைச் செத்த நேரம் தனியா விடு.’

“எனக்கு வந்துச்சு பாரு கோவம். காலைல இருந்து நான் நின்னுட்டே கெடக்கேன், நீங்க என்னத் தனியா விடுங்கியளோன்னு கத்திட்டேன். ஒடனே ‘கோபமா இருக்கேன்’ கார்ட எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதாவ.”

“அப்புறம்?”

“நான் அழுதுட்டேன். அவிய கார்டத் தள்ளிட்டே இருந்தாவ. எதையோ தேடுதாவ, கெடைக்கல. பொறவு என் போட்டோ இருக்குல்ல, அதக் காட்டுனாவ. அதுக்கடுத்து அந்தக் கோவக் கார்டக் காட்டுனாவ. காட்டிட்டு... பெருவிரலக் கீழ கவுத்துனாவ.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. செண்பகம். கோபம். இல்லை.

உன் மேல் கோபம் இல்லை.

அந்தக் கார்டை நான் அடித்துக் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இருந்த இரண்டு கார்டையும் ஒரு விரலையும் வைத்து, அவரே செய்துகொண்டார். ஹேமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “மேடம், அது வாக்கியம். ரெண்டு வார்த்தையச் சேத்துப் புதுசா ஒண்ணு சொல்லியிருக்கார்” என்றாள்.

அன்று சாயங்காலமே அத்தான் செருப்புக் கார்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். அக்கா கம்பைக் கொடுத்து, கையைப் பிடித்து, வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் ஒரு கடை நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அரை மணி நேரம் வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்தே அலுத்துப்போனவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதில் இருந்து தினமும் போகிறார். ஹேமாவிடமும் போகிறார்.

போன வாரம் மம்சாபுரத்தில் இருந்து ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். அவள் அம்மாவும் ஹேமாவிடம்தான் போகிறார். காட்டு வேலைக்குப் போனவர், இதே நிலைமை. எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் கார்டில் எழுத்து வேண்டாம், படம் மட்டும். சேலையில் பாக்கெட் கிடையாது, இடுப்பில் செருகும் சுருக்குப் பைதான். அந்தப் பெண் பையை அளந்து, ஒரு நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

நூலை ஸ்கேலில் வைத்தேன். அகலம் எழுபது மில்லிமீட்டர். என் மெஷினுக்கு 89-க்குக் கீழே ஆகாதே? ஒரே அட்டையில் பக்கம் பக்கமாக இரண்டு கார்டு அடித்து நடுவில் வெட்டினால் ஆகும். இதற்கு ஒரு புது அளவு, புதுப் பெயர். “அம்மா பேர் என்னம்மா?” என்று கேட்டேன். பேச்சியம்மாள். பட்டியலில் அத்தானுக்குக் கீழே அவரும் வந்து உட்கார்ந்தார். இந்த முறை பத்தே நிமிடம்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அக்காவிடம் இருந்து மறுபடி போன். நேற்று சாயங்காலம் அத்தான் வழக்கம்போல் கடை நிழலில் உட்கார்ந்திருக்கிறார். பால் கேன் இரண்டு பக்கமும் கட்டிய ஒரு வண்டி, நோ என்ட்ரியில் எதிரே வந்திருக்கிறது. அத்தானின் கை பாக்கெட்டுக்குப் போகவே இல்லை.

“ஏலே” என்று கத்தியிருக்கிறார்.

தெருவே திரும்பிப் பார்த்ததாம். வண்டிக்காரர் பிரேக் அடித்து, இறங்கி, பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாராம். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அத்தான் அவளைப் பார்த்து, இன்னொரு தடவை, மெதுவாக, “ஏலே” என்றாராம், சரிபார்த்துக்கொள்வது போல.

நோ என்ட்ரியில் வண்டி ஓட்டுவது தப்புதான். ஆனாலும் அந்தப் பால்காரர் நல்லா இருக்கட்டும்.